கவுன்சில் வீட்டு வாடகைப் பாக்கி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தில் கவுன்சில் (உள்ளாட்சி மன்ற) வீடுகளில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்காக எழுதியது இது. ஹாரோவில் கேட்டாலும் நியூஹாமில் கேட்டாலும் கிராய்டனில் கேட்டாலும் கேள்விகள் ஏறத்தாழ ஒன்றுதான். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றின் சட்டங்கள் வேறு. அங்கே இருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஹவுசிங் அசோசியேஷன் வீட்டில் இருப்பவர்களும் கவனமாக வாசிக்க வேண்டும். அவர்களுக்குப் பொருந்தும் 1988 ஆம் ஆண்டுச் சட்டத்தில், பாக்கி ஓர் அளவைத் தாண்டினால் வீட்டைக் காலிசெய்யும்படி நீதிபதி உத்தரவு போட்டே ஆக வேண்டும் என்ற பிரிவு ஒன்று இருக்கிறது. கவுன்சில் குடியிருப்பாளருக்கு அந்தப் பிரிவு கிடையாது.

இரண்டு வார வாடகை பாக்கி என்று கடிதம் வந்திருக்கிறது. வீட்டைப் பறித்துவிடுவார்களா?

மாட்டார்கள். முதல் கடிதத்துக்கும் வீட்டுச் சாவியைக் கொடுப்பதற்கும் இடையில் பல படிகள் இருக்கின்றன: கடிதங்கள், தொலைபேசி அழைப்பு, முறையான நோட்டீஸ், நீதிமன்ற வழக்கு, விசாரணை, உத்தரவு, அந்த உத்தரவை மீறினால் பெய்லிஃப் (வெளியேற்றத்தை நிறைவேற்றும் நீதிமன்ற அதிகாரி). ஒவ்வொரு படியிலும் நிறுத்துவதற்கு வழி உண்டு. கவுன்சில் குடியிருப்பாளர்களில் பெரும்பாலோர் 1985 ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின்கீழ் ‘செக்யூர் டெனன்ட்’ என்ற நிலையில் இருப்பவர்கள். அவர்களை நீதிமன்றம் மட்டுமே வெளியேற்ற முடியும். பாக்கி இருக்கிறது என்று காட்டுவது மட்டும் போதாது. இந்தக் குடும்பத்தை வெளியேற்றுவது நியாயம்தான் என்று நீதிபதிக்குத் தோன்ற வேண்டும். உத்தரவில்லாமல் பூட்டை மாற்றுவது 1977 ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

ஆகவே பயப்பட வேண்டாம். ஆனால் கடிதத்தைப் பிரிக்காமல் வைத்திருக்கவும் வேண்டாம். வீட்டை இழந்தவர்களின் கதையைக் கேட்டால், பாக்கி பெரிதாக இருந்ததைவிடக் கடிதங்கள் பிரிக்கப்படாமல் கிடந்ததுதான் முதலில் வெளியே வரும். ‘கடன்காரர்’ என்று பெயர் வந்துவிடுமே என்ற வெட்கம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. ஹவுசிங் ஆபீசருக்கு அது தெரியாது. பதில் இல்லையென்றால், கட்ட மனமில்லை என்றே அவர் எழுதிவைப்பார்.

நான் மாதாமாதம் தவறாமல் கட்டுகிறேன். பிறகு எப்படிப் பாக்கி வந்தது?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். நேர்மையாகக் கட்டுகிறவர்கள்தான் இதைக் கேட்கிறார்கள் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் பெருக்கல். கவுன்சில் வாடகை வாரக் கணக்கு, நம் சம்பளமும் வங்கிக் கட்டளையும் மாதக் கணக்கு. வார வாடகை 120 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். ‘மாதத்துக்கு நான்கு வாரம்’ என்று எண்ணி 480 பவுண்டுக்குக் கட்டளை போட்டுவிடுகிறோம். ஆனால் ஆண்டுக்கு 52 வாரம். 120 ஐ 52 ஆல் பெருக்கி 12 ஆல் வகுத்தால் மாதத்துக்கு 520 பவுண்டு வரும். ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டியவர், மாதம் 40 பவுண்டு குறையக் குறைய, ஆண்டு முடிவில் 480 பவுண்டு பாக்கிக்காரராகிவிடுகிறார். சில கவுன்சில்கள் ஆண்டுக்கு 48 வாரம் மட்டும் வாடகை போட்டு நான்கு வாரத்தை வாடகையில்லா வாரமாக விடும். அங்கே மட்டும் நான்கால் பெருக்குவது சரி. உங்கள் கவுன்சில் எத்தனை வாரத்துக்கு வாடகை போடுகிறது என்று கேளுங்கள். வாடகை திங்கட்கிழமைகளில் ஏறும் இடத்தில், 53 திங்கட்கிழமைகள் விழும் ஆண்டும் வரும். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை அப்படித்தான் இருந்தது. வாடகைக்கும் உதவும் அரசின் மாத உதவித்தொகையான யுனிவர்சல் கிரெடிட் 52 வாரத்துக்குமேல் கணக்கெடுப்பதில்லை. அந்தக் கூடுதல் வாரத்தை நீங்கள்தான் கட்ட வேண்டும்.

அடுத்தது, வாடகைக்குள் ஒளிந்திருக்கும் கட்டணங்கள். வாடகை அறிக்கையில் ஒரே தொகையாகத் தெரிவதைப் பிரித்துப் பார்த்தால் அடிப்படை வாடகை, படிக்கட்டுத் துப்புரவு, மின்தூக்கி, பொதுக் கொதிகலனிலிருந்து வரும் வெந்நீர், சூடேற்றல், சில இடங்களில் தண்ணீர் வரி எல்லாம் இருக்கும். உங்கள் வீட்டுக்குள் வரும் சூடேற்றலுக்கும் வெந்நீருக்கும் தண்ணீருக்கும் அரசின் வாடகை உதவி கிடைக்காது. ‘எனக்கு முழு வாடகையும் அரசு கட்டுகிறது’ என்று நம்பியிருப்பவரின் கணக்கில், வாரம் ஏழெட்டுப் பவுண்டு யாரும் கட்டாமல் சேர்ந்துகொண்டே இருக்கும்.

மூன்றாவது, ஏப்ரல் மாதம். கவுன்சில் வாடகை ஆண்டுதோறும் அப்போதுதான் உயரும். யுனிவர்சல் கிரெடிட் வாங்குகிறவர்கள் புதிய வாடகையைத் தங்கள் இணையக் கணக்கில் தாங்களே உறுதிசெய்ய வேண்டும். அந்த வேலை ‘செய்ய வேண்டியவை’ பட்டியலில் வந்து நிற்கும். அதைக் கவனிக்காவிட்டால் உதவி பழைய வாடகைக்கே வந்துகொண்டிருக்கும். பல மாதம் கழித்துச் சொன்னால், விட்டுப்போன மாதங்களுக்கான பணம் பெரும்பாலும் கிடைக்காது.

வீட்டில் வளர்ந்த பிள்ளைகளோ வேறு உறவினரோ இருந்தால் அதுவும் கணக்கை மாற்றும். 21 வயது நிறைந்த மகனோ மகளோ உடன் இருந்தால், அவரும் வாடகையில் பங்கு கொடுப்பார் என்று எடுத்துக்கொண்டு யுனிவர்சல் கிரெடிட்டில் மாதத்துக்கு 90 பவுண்டுக்கும் மேல் கழிப்பார்கள். பிள்ளை உண்மையில் கொடுக்கிறாரா என்று யாரும் பார்ப்பதில்லை. விலக்குகள் உண்டு: வாடகைதாரரோ அவருடைய துணையோ உடற்குறைக்கான ‘பிப்’ உதவியில் அன்றாட வாழ்க்கைப் பகுதியைப் பெறுகிறார் என்றால் கழிக்கக் கூடாது. படித்து முடித்து வேலைக்குப் போகும் மகனிடம் வீட்டுச் செலவுக்குப் பணம் கேட்பது நம் பெற்றோர் பலருக்குக் கூச்சம். கேளுங்கள். அவர் பெயரைச் சொல்லித்தான் உங்கள் கணக்கிலிருந்து கழிக்கிறார்கள்.

கடையிலோ கிடங்கிலோ நான்கு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். ஆண்டில் ஒரு மாதம், அவர்களது கணக்கு மாதத்துக்குள் இரண்டு சம்பளம் விழும். அந்த மாதம் யுனிவர்சல் கிரெடிட் வெகுவாகக் குறையும், அல்லது வராமலே போகும். அது எந்த மாதம் என்று நாட்காட்டியைப் பார்த்தே முன்கூட்டிக் கண்டுபிடிக்கலாம். அப்போது கையில் இருக்கும் இரண்டாவது சம்பளம் அடுத்த வாடகைக்கு உரியது.

கடைசியாக, ஊர்ப் பயணம். யுனிவர்சல் கிரெடிட் வாங்கிக்கொண்டு வெளிநாட்டில் பொதுவாக ஒரு மாதம் வரைதான் இருக்கலாம். நெருங்கிய உறவினரின் மரணம் என்றால் மேலும் ஒரு மாதத்துக்கு இடமுண்டு. ஓய்வூதிய வயதினர் பெறும் ஹவுசிங் பெனிஃபிட்டுக்குப் பொதுவான வரம்பு நான்கு வாரம். நல்லூர்த் திருவிழாவுக்கென்று போய் ஆறு வாரம் தங்கிவிட்டு வந்தால், உதவி நின்று வாடகை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். டிக்கெட் போடும்போதே திரும்பும் தேதியை இந்த வரம்புக்குள் வையுங்கள். போவதை முன்கூட்டியே தெரிவியுங்கள்.

யுனிவர்சல் கிரெடிட்டுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். இன்னும் வரவில்லை. அதுவரை வாடகை?

முதல் பணம் வர ஐந்து வாரம் ஆகும் என்பது அந்தத் திட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. எனவே விண்ணப்பித்த அன்றே கவுன்சிலுக்கு எழுதுங்கள்: எந்தத் தேதியில் விண்ணப்பித்தீர்கள், என்னென்ன ஆவணம் கொடுத்தீர்கள், முதல் பணம் எப்போது வரும் என்று. சமூக வீட்டுரிமையாளர்கள் (கவுன்சில், ஹவுசிங் அசோசியேஷன்) வழக்குத் தொடுப்பதற்குமுன் பின்பற்ற வேண்டிய நீதிமன்ற நடைமுறை விதி ஒன்று இருக்கிறது. உதவிக்கான சான்றுகள் எல்லாவற்றையும் கொடுத்திருந்து, உதவி கிடைக்கும் என்று எதிர்பார்க்க நியாயம் இருந்து, உதவியில் அடங்காத பங்கையும் கட்டிவந்தால், பாக்கிக்காக வழக்குப் போடக் கூடாது என்று அது சொல்கிறது. அந்தப் பாதுகாப்பு வேண்டுமென்றால் விண்ணப்பம் கொடுத்ததற்கான சான்று உங்கள் கையில் இருக்க வேண்டும். முன்பணம் கேட்கலாம், அது கடன், பின்வரும் மாதங்களில் கழிப்பார்கள்.

பணம் வரத் தொடங்கியதும் வாடகைப் பங்கை நேராகக் கவுன்சிலுக்கே அனுப்பச் சொல்லலாம். பாக்கி இரண்டு மாத வாடகையை எட்டினால் கவுன்சிலே அதைக் கேட்கும். கையில் வந்தால் செலவாகிவிடும் என்று தோன்றுகிறவர்கள் அதுவரை காத்திருக்காமல் தாங்களே கேட்பது நல்லது.

ஹவுசிங் ஆபீசரிடம் பேசும்போது, எவ்வளவு கட்டுவதாக ஒப்புக்கொள்ள வேண்டும்?

தவறாமல் கட்டக்கூடிய சிறிய தொகை. தொலைபேசியில் ஒருவர் கேட்கும்போது மரியாதைக்காகப் பெரிய தொகையைச் சொல்லிவிடுவது நம்மவர்களின் வழக்கம்: ‘மாதம் 200 பவுண்டு சேர்த்துக் கட்டிவிடுகிறேன்.’ இரண்டாவது மாதமே அது தவறும். பிறகு கோப்பில் இருப்பது ‘ஒப்பந்தத்தை மீறினார்’ என்ற ஒரு வரி. வாரம் 5 பவுண்டு என்று சொல்லி ஓராண்டு கட்டியவர் நீதிபதி முன்னால் நிற்கும்போது, அவருக்காக அவர் கணக்கே பேசும்.

பேசுவதற்குமுன் ஒரு தாளில் வரவையும் செலவையும் எழுதுங்கள். வாடகை, கவுன்சில் டாக்ஸ், மின்சாரம், எரிவாயு, சாப்பாடு, வேலைக்குப் போகும் போக்குவரத்து ஆகியவை முதலில். கிரெடிட் கார்டும் தவணைக் கடையும் பின்னால். அவற்றைக் கட்டாவிட்டால் வீடு உடனே போகாது, வாடகை கட்டாவிட்டால் போகும். ஊருக்கு அனுப்பும் பணமும் சீட்டுக் காசும் எங்கே வரும் என்று கேட்பார்கள். சீட்டை முன்பே எடுத்துவிட்டவர், தவணையை நிறுத்தினால் முகத்தில் விழிக்க முடியாது என்று நினைப்பார். அந்த நினைப்பு எனக்குப் புரிகிறது. ஆனாலும் வாடகைக்குப் பிறகே அவை இரண்டும். அம்மாவுக்கு அனுப்பும் பணத்தைச் சில மாதம் குறைக்க வேண்டியிருந்தால், காரணத்தை அவரிடம் சொல்லியே குறையுங்கள்.

ஒப்புக்கொண்டதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கட்டும் நாளைச் சம்பள நாளுக்கு அடுத்த நாளாக வையுங்கள். அந்தப் பேச்சை முடிக்குமுன் வாடகை அறிக்கை ஒன்றையும் கேளுங்கள். மேலே சொன்ன காரணங்களை அதில் ஒவ்வொன்றாகச் சரிபார்க்கலாம். கேட்கும் தொகை உங்களுக்குத் தாங்காது என்றால் தாங்காது என்றே சொல்லுங்கள். நீங்கள் தாங்கக்கூடிய தொகைக்குத்தான் ஒப்பந்தம் இருக்க வேண்டும் என்று அந்த நடைமுறை விதியும் சொல்கிறது.

வட்டிக்கு வாங்கி ஒரேயடியாகக் கட்டிவிடலாமா?

வேண்டாம். கவுன்சில் பாக்கிக்கு மாத வட்டி ஏறுவதில்லை. தெரிந்தவரிடம் வாங்கிய பணத்துக்கு ஏறும். உரிமம் இல்லாமல் கடன் கொடுப்பதைத் தொழிலாக நடத்துவது இங்கே குற்றம். வாங்கியவர் செய்தது குற்றமில்லை. கடன் கொடுத்தவர் பாஸ்போர்ட்டையோ வங்கி அட்டையையோ வாங்கி வைத்திருந்தால் தயங்காமல் புகார் செய்யலாம். நகையை அடகு வைப்பதும், பாக்கி எதனால் வந்தது என்று தெரிந்து அதை நிறுத்திய பிறகுதான். இல்லையென்றால் ஆறு மாதத்தில் நகையும் போய்ப் பாக்கியும் திரும்ப வந்திருக்கும்.

பிள்ளைகள் திருமணமாகிப் போய்விட்டார்கள். ஓர் அறை காலியாக இருப்பதால் உதவியைக் குறைத்துவிட்டார்கள். என்ன செய்யலாம்?

2013 ஏப்ரலில் வந்த விதி அது. உழைக்கும் வயதினருக்கு ஓர் அறை கூடுதல் என்றால் உதவிக்குரிய வாடகையில் 14 சதவீதமும், இரண்டோ அதற்கு மேலோ என்றால் 25 சதவீதமும் குறைப்பார்கள். ஓய்வூதிய வயதினருக்கு அது பொருந்தாது. இரவில் தங்கிப் பராமரிப்பவர் தேவைப்படுகிறது, உடல்நலக் காரணத்தால் தம்பதியர் ஒரே அறையில் படுக்க முடியாது என்பன போன்ற சூழல்களில் அந்த அறையைத் தேவையான அறையாகக் கணக்கில் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். குறையும் தொகைக்குக் கவுன்சிலிடம் தனி உதவி நிதி இருக்கிறது. திட்டத்தின் பெயர் மாறிக்கொண்டிருப்பதால், ‘வாடகையில் விழும் துண்டுக்கு உதவி வேண்டும்’ என்று கேளுங்கள், போதும். சிறிய வீட்டுக்கு மாற நினைத்தால் பாக்கி சேர்வதற்கு முன்பே கேட்பது நல்லது; பாக்கி இருந்தால் வேறு வீட்டுக்கு மாறுவதும் இன்னொரு குடியிருப்பாளரோடு வீட்டைப் பரிமாறிக்கொள்வதும் சிக்கலாகும்.

வீடு முழுக்க ஈரமும் பூஞ்சையும். பழுது பார்க்கும்வரை வாடகையை நிறுத்திவைக்கலாமா?

கூடாது. கோபம் நியாயமானது, ஆனால் நிறுத்திவைத்த வாடகை பாக்கியாகவே எழுதப்படும். வாடகையைக் கட்டிக்கொண்டே போராடுங்கள். ராச்டேலில் 2020 டிசம்பரில், பூஞ்சை பிடித்த வீட்டில் வாழ்ந்த இரண்டு வயதுக் குழந்தை அவாப் இஷாக் இறந்தான். அவன் பெயரால் வந்த சட்டம் 2025 அக்டோபர் 27 முதல் நடைமுறையில் இருக்கிறது. அவசர ஆபத்தைச் சமூக வீட்டுரிமையாளர் 24 மணி நேரத்துக்குள் கவனிக்க வேண்டும். குறிப்பிடத்தக்க அளவு ஈரம், பூஞ்சை என்றால் 10 வேலை நாளுக்குள் ஆய்வு செய்ய வேண்டும். புகாரை எழுத்தில் கொடுங்கள், படம் எடுத்து வையுங்கள். பாக்கி வழக்கு ஏற்கெனவே வந்துவிட்டது என்றால், பழுதுக்கான இழப்பீட்டை அதே வழக்கில் எதிர்க்கோரிக்கையாக வைத்துப் பாக்கியில் கழிக்கக் கேட்கலாம். அதற்குச் சட்டத்தரணி தேவை.

‘நோட்டீஸ் ஆஃப் சீக்கிங் பொசெஷன்’ என்று ஒரு தாள் வந்திருக்கிறது. அது என்ன?

வழக்குப் போடப்போகிறோம் என்று கவுன்சில் கொடுக்கும் சட்டபூர்வ முன்னறிவிப்பு. வீட்டைக் காலிசெய்யும் உத்தரவு அல்ல. அதில் ஒரு தேதி இருக்கும், பெரும்பாலும் நான்கு வாரத்துக்குப் பின். அந்தத் தேதிக்குப் பிறகே வழக்குப் போடலாம். அதிலிருந்து 12 மாதம் வரை நோட்டீஸுக்கு உயிர் உண்டு. தாளைப் பார்த்ததும் பெட்டி கட்டத் தொடங்குபவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

இந்தத் தாள் கையில் வந்தவுடன் உங்களுக்கு ஒரு புதிய உரிமை கிடைக்கிறது. 2023 ஆகஸ்ட் முதல், வீடு பறிபோகும் அபாயத்தைச் சொல்லும் எழுத்து அறிவிப்பு பெற்ற எவருக்கும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் அரசுச் செலவில் சட்ட ஆலோசனை உண்டு. வீடு மட்டுமல்லாமல் கடன், உதவித்தொகைச் சிக்கல்களுக்கும் அதில் ஆலோசனை கிடைக்கும். ஷெல்டர், சிட்டிசன்ஸ் அட்வைஸ் போன்ற அமைப்புகளிடம் கேட்டால் உங்கள் பகுதியில் யார் அதைச் செய்கிறார்கள் என்று சொல்வார்கள். நோட்டீஸைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

வேறு கடன்களும் நெருக்குகின்றன என்றால் ‘பிரீத்திங் ஸ்பேஸ்’ என்ற திட்டம் இருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட கடன் ஆலோசகர் மூலம் போனால் 60 நாள் வரை பழைய கடனுக்காக யாரும் நடவடிக்கையைத் தொடர முடியாது. அந்த 60 நாளில் ஓடும் வாடகையைக் கட்டியாக வேண்டும். கடன் நிவாரண ஆணை வாங்கினால் பாக்கியே ஒழிந்துவிடும் என்றும் சிலர் சொல்லித் தருகிறார்கள். பாக்கித் தொகை அதில் அடங்கும் என்பது சரி, ஆனால் அந்தப் பாக்கியைக் காரணம் காட்டி வீட்டைக் கேட்கும் உரிமை கவுன்சிலுக்கு அப்போதும் இருக்கும்.

நீதிமன்றத்துக்குப் போக வேண்டுமா? போகாவிட்டால் என்ன?

போங்கள். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். நம் பலருக்கு நீதிமன்றம் என்றாலே குற்றவாளிக் கூண்டும் போலீசும்தான் மனதில் வரும். கவுன்டி கோர்ட்டில் அவை எதுவும் இல்லை. பெரும்பாலும் ஒரு மேசை, எதிரே நீதிபதி, பக்கத்தில் கவுன்சிலின் ஆள். ஒரு வழக்குக்குச் சில நிமிடம்தான் ஒதுக்கியிருப்பார்கள். நீங்கள் வராவிட்டால் அந்தச் சில நிமிடமும் கவுன்சில் சொல்வது மட்டுமே கேட்கும்.

வழக்குத் தாளோடு என்11ஆர் என்ற பதில் படிவம் வரும். நிரப்பி 14 நாளுக்குள் அனுப்ப வேண்டும். தாமதமானாலும் அனுப்புங்கள், அனுப்பவே இல்லையென்றாலும் விசாரணைக்குப் போங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் முன்கூட்டியே நீதிமன்றத்துக்குத் தெரிவியுங்கள். அன்று காலை அரை மணி நேரமாவது முன்னதாகப் போய், இலவசச் சட்ட ஆலோசகர் யார் என்று வரவேற்பில் கேளுங்கள். அவர் உங்களோடு உள்ளே வந்து பேசுவார், அதற்கும் காசு கிடையாது. எடுத்துப்போக வேண்டியவை வரவு செலவுத் தாள், சம்பளச் சீட்டு, யுனிவர்சல் கிரெடிட் விவரம், கட்டிய ரசீது, மருத்துவக் கடிதம் இருந்தால் அது. விசாரணைக்கு முந்திய வாரம் சிறிய தொகையாவது கட்டிவிட்டுப் போங்கள். அன்று நீதிபதி பார்க்கும் அறிக்கையில் அந்த வரி தெரியட்டும்.

நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்யலாம், ஒத்திவைக்கலாம், உடனடி உத்தரவும் போடலாம். பெரும்பாலும் போடப்படுவது நிறுத்திவைக்கப்பட்ட உத்தரவு: ‘ஓடும் வாடகையோடு வாரம் இவ்வளவு சேர்த்துக் கட்டினால் வீட்டில் இருக்கலாம்.’ அதைக் கட்டிக்கொண்டிருக்கும்வரை யாரும் உங்களை அசைக்க முடியாது. தவறினால் கவுன்சில் புதிய வழக்குப் போடாமல் நேரே பெய்லிஃபைக் கேட்கலாம். வழக்குச் செலவாகச் சில நூறு பவுண்டும் பாக்கியோடு சேரும். அதனால் நீதிமன்றத்துக்கு முன்பே ஒப்பந்தம் செய்துகொண்டால் மிச்சம்.

பெய்லிஃப் வரும் தேதி வந்துவிட்டது. இனி ஒன்றும் செய்ய முடியாதா?

முடியும். 14 நாளாவது முன்னறிவிப்பு கொடுத்திருக்க வேண்டும். என்244 என்ற படிவத்தை நீதிமன்றத்தில் கொடுத்து, வெளியேற்றத்தை நிறுத்தக் கேட்கலாம், அவசரமாக விசாரிப்பார்கள். வருமானம் குறைந்தவர்கள் கட்டண விலக்குக் கேட்கலாம். ஏன் தவறியது, இப்போது என்ன மாறியிருக்கிறது என்ற இரண்டுக்கும் தாளில் பதில் இருக்க வேண்டும்: புதிய வேலை, உதவி வரத் தொடங்கியது, மகன் பங்கு கொடுக்கிறான், எதுவானாலும். பெய்லிஃப் வந்து பூட்டை மாற்றிய பிறகு இந்தக் கதவு ஏறத்தாழ மூடிவிடும், ஆகவே முதல் நாளே போங்கள்.

அவமானம் வேண்டாம் என்று முன்னதாகவே வீட்டை விட்டுப் போய்விடாதீர்கள். தானாகவே வெளியேறியவரைப் பிறகு ‘வேண்டுமென்றே வீடிழந்தவர்’ என்று கவுன்சில் முடிவுசெய்ய அது இடம் கொடுக்கும். 56 நாளுக்குள் வீடு போகும் நிலை என்றாலே கவுன்சிலின் வீடற்றோர் பிரிவுக்குப் போய் உதவி கேட்கலாம். வாடகை வாங்கும் பிரிவும் அதுவும் வேறு வேறு. ஒன்றிடம் சொன்னது மற்றதற்குத் தெரியும் என்று நினைக்காதீர்கள்.

வீடு கிடைத்து எட்டு மாதம்தான் ஆகிறது. எனக்கும் இதே பாதுகாப்பு உண்டா?

குறைவு. முதல் 12 மாதம் பெரும்பாலும் ‘இன்ட்ரடக்டரி’ எனப்படும் சோதனைக்காலம். அதை ஆறு மாதம் நீட்டிக்கவும் செய்யலாம். அந்தக் காலத்தில் கவுன்சில் முறைப்படி நடந்திருந்தால் நீதிபதி உத்தரவு போட்டே தீர வேண்டும். நோட்டீஸ் வந்த 14 நாளுக்குள் மறுபரிசீலனை கேட்க உரிமை உண்டு. அந்த 14 நாளைத் தவறவிட வேண்டாம்.

கணவரும் நானும் சேர்ந்து எடுத்த வீடு. அவர் போய்விட்டார். அவருடைய பாதிப் பாக்கியையும் நான் கட்ட வேண்டுமா?

இருவர் பெயரில் வீடு என்றால், முழு வாடகைக்கும் ஒவ்வொருவரும் முழுப் பொறுப்பு. கவுன்சில் உங்களிடம் மட்டும் கேட்கலாம். ஆனால் அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது: கூட்டு வாடகைதாரர்களில் ஒருவர் மட்டும் முறைப்படி வீட்டை விடுவதாக அறிவித்தாலே இருவருக்குமான உரிமையும் முடிந்துவிடலாம். அவர் அப்படிச் செய்வார் என்று சந்தேகம் இருந்தால் உடனே குடும்பச் சட்டம் தெரிந்த சட்டத்தரணியிடம் போங்கள். யுனிவர்சல் கிரெடிட்டைத் தனி நபராக மாற்றுங்கள். வீட்டில் அடியோ மிரட்டலோ இருந்திருந்தால், பணத்தை அவரே கையில் வைத்திருந்தால், அதையும் ஹவுசிங் ஆபீசரிடம் சொல்லுங்கள். பாக்கி எப்படி வந்தது என்பதற்கு அதுவும் விடை, நீதிபதியும் அதைக் கணக்கில் எடுப்பார்.

அம்மா இறந்துவிட்டார். அவர் பெயரில் பாக்கி இருக்கிறது. நான் கட்ட வேண்டுமா?

அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்துதான் அந்தக் கடன் தீர வேண்டும். பிள்ளை என்பதற்காக உங்கள் தலையில் விழாது. நீங்கள் அந்த வீட்டிலேயே தொடர முடியுமா என்பது வேறு கேள்வி. 2012 ஏப்ரல் முதல் தொடங்கிய வாடகை உரிமைகளில், ஒப்பந்தத்தில் தனியாக எழுதியிருந்தால் தவிர, கணவன், மனைவி, துணைவர் ஆகியோருக்கே அந்த உரிமை. இறப்பைத் தெரிவிக்காமல் வாடகை கட்டிக்கொண்டே இருப்பது பின்னால் சிக்கலாகும்.

கவுன்சில் டாக்ஸ் பாக்கியும் இதுவும் ஒன்றா?

இல்லை. இரண்டும் ஒரே கவுன்சிலுக்குப் போனாலும் கணக்கு வேறு, சட்டம் வேறு, வரும் பெய்லிஃபும் வேறு. கவுன்சில் டாக்ஸ் பாக்கிக்காகக் கவுன்சில் உங்கள் வாடகை உரிமையைப் பறிக்க முடியாது. யுனிவர்சல் கிரெடிட்டில் கவுன்சில் டாக்ஸுக்கான சலுகை சேர்ந்து வராது. அதற்குக் கவுன்சிலில் தனியே விண்ணப்பிக்க வேண்டும். பலர் இதைத் தவறவிடுகிறார்கள்.

எனக்கு ஆங்கிலம் வராது. மகளைக் கொண்டு பேசலாமா?

பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒரு கையில் நோட்டீஸையும் மறு கையில் தொலைபேசியையும் வைத்துக்கொண்டு, ‘அப்பா, வீட்டை எடுத்துவிடுவார்களாம்’ என்று மொழிபெயர்க்கும் நிலைமை எந்த வீட்டிலும் வரக் கூடாது. அந்தப் பாரம் அவளுடையதல்ல. சட்டச் சொற்களை அவள் தவறாகப் புரிந்துகொள்ளவும் கூடும். ‘தமில் இன்டர்பிரெட்டர் ப்ளீஸ்’ என்ற மூன்று சொல் போதும். பெரும்பாலான கவுன்சில்கள் தொலைபேசியிலேயே மொழிபெயர்ப்பாளரை இணைத்துத் தருகின்றன. பேசி முடித்ததும் தேதியையும், பேசியவரின் பெயரையும், என்ன சொன்னார் என்பதையும் தமிழிலேயே ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். பின்னால் ‘அப்படிச் சொல்லவே இல்லை’ என்று யாராவது சொன்னால் அந்தக் குறிப்பு உதவும்.

வீட்டை விட்டு வந்து சில வருடம் ஆகிறது. பழைய பாக்கிக்கு இப்போது கடிதம் வருகிறது.

வீடு போனாலும் கடன் போகாது. ஆனால் பொதுவாக ஆறு ஆண்டுக்கு மேற்பட்ட வாடகைப் பாக்கியை வழக்குப் போட்டு வசூலிக்க முடியாது. அந்தக் காலம் எங்கிருந்து தொடங்குகிறது என்பது, நடுவில் நீங்கள் ஏதாவது கட்டினீர்களா, கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டீர்களா, ஏற்கெனவே தீர்ப்பு இருக்கிறதா என்பவற்றைப் பொறுத்தது. எனவே பதில் எழுதுவதற்குமுன், பணம் கட்டுவதற்குமுன், கடிதத்தைக் கடன் ஆலோசகர் ஒருவரிடம் காட்டுங்கள். மீண்டும் கவுன்சில் வீட்டுப் பட்டியலில் சேர நினைத்தால், பழைய பாக்கியைக் காட்டி மறுக்கவோ பின்னுக்குத் தள்ளவோ கவுன்சில்களின் விதிகள் இடம் கொடுக்கின்றன. ஒப்பந்தம் போட்டுச் சில மாதம் ஒழுங்காகக் கட்டியவர்களை ஏற்றுக்கொள்ளும் கவுன்சில்களும் உண்டு. உங்கள் கவுன்சிலின் ஒதுக்கீட்டு விதிகள் அதன் இணையதளத்தில் இருக்கும். அதில் பாக்கி பற்றிய பகுதியைத் தேடிப் படியுங்கள், அல்லது படித்துச் சொல்லச் சொல்லி ஆலோசகரிடம் கேளுங்கள்.